யார் யாரைச் சுமப்பது? ஸ்ரீவைஷ்ணவ உறவுமொழியில் பக்தியும் பற்றும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)

 

ஒரு சமயச் சமூகத்தில் ஒருவர் தம் தெய்வத்திடமும் ஆசாரியரிடமும் உடன் அடியாரிடமும் வைக்கும் பற்றை நாம் எதைக் கொண்டு அறிவது? கோட்பாட்டு நூல்கள் ஒரு விடை தரும். சடங்குகள் வேறொரு விடை தரும். அந்தச் சமூகத்தார் தம் பற்றை எந்த மனித உறவின் பெயரால் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கவனிப்பதே உண்மைக்கு மிக அருகே கொண்டுசேர்க்கும் என்பது என் எண்ணம். நான் அடிமை, நான் காதலி, நான் தாய், நான் உடல், நான் பாதுகை என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்ளும்போது தம் கடமையையும் உரிமையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

இதற்கு ஸ்ரீவைஷ்ணவத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆழ்வார்களின் பாசுரங்கள், ராமாநுஜரின் வேதாந்தம், பின்வந்த ஆசாரியர்களின் மணிப்பிரவாள உரைகள், ரகசிய நூல்கள் என்று தன் உருவகங்களைப் பற்றித் தானே இடைவிடாது விவாதித்த சமூகம் அது. பிள்ளை லோகாசாரியர் அருளிய ரகசிய நூல்களில் ஒன்றின் பெயரே ‘நவவித சம்பந்தம்’. உயிருக்கும் இறைவனுக்கும் இடையே ஒன்பது உறவுகளை அது வகுக்கிறது: தந்தை மகன், காப்பவன் காக்கப்படுபவன், ஆண்டான் அடிமை, கணவன் மனைவி, அறியப்படுபவன் அறிபவன், உடையவன் உடைமை, தாங்குபவன் தாங்கப்படுவது, உயிர் உடல், துய்ப்பவன் துய்க்கப்படுவது. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஆசாரியர் சொல்லவில்லை. ஒன்பதும் ஒரே நேரத்தில் உண்மை என்கிறார். நான் இன்று சொல்லவிருக்கும் கருத்தின் வேர் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

அந்தக் கருத்து இது. சமய உருவகம் சுமையைப் பங்கிடுகிறது. யார் யாரைத் தாங்க வேண்டும், யார் யாரைக் கேள்வி கேட்கலாம், பற்று எங்கே போய் நிற்க வேண்டும் என்று அது வகுத்துக் கொடுக்கிறது. ஓர் உருவகம் மட்டும் தனியே ஆளத் தொடங்கினால் பற்று வெறும் கீழ்ப்படிதலாகச் சுருங்கும். பல உருவகங்கள் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு நிற்கும் இடத்தில்தான் பற்று நேர்மை கெடாமல் இருக்கும். ஸ்ரீவைஷ்ணவத்தின் வலிமை அந்தப் பன்மையில் இருந்தது. அது சறுக்கியதும் அந்தப் பன்மை குறுகிய இடத்தில்தான். இதை ஏழு செய்திகளாக உங்கள் முன் வைக்கிறேன்.

1. உடலும் உயிரும்: விருப்பத்துக்கு முந்திய உறவு

முதலில் ராமாநுஜர். மரபு அவருடைய காலத்தை 1017 முதல் 1137 வரை என்று கொள்கிறது. அறிவுள்ள உயிர்களும் அறிவற்ற பொருள்களும் பரம்பொருளுக்கு உடல் என்பது அவருடைய வேதாந்தத்தின் மையம். உடல் என்றால் என்ன என்று ஸ்ரீபாஷ்யத்தில் அவர் இலக்கணமே வகுக்கிறார். ஓர் உயிர் தன் பயனுக்காக எந்தப் பொருளை எப்போதும் இயக்கவும் தாங்கவும் முடியுமோ, எந்தப் பொருள் அந்த உயிருக்கு உரியதாக இருப்பதையே தன் இயல்பாகக் கொண்டுள்ளதோ, அது அந்த உயிரின் உடல்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இதை உருவகம் என்று ராமாநுஜர் ஒப்பமாட்டார். அவருக்கு இது நேர்ப்பொருள். உலகம் இறைவனின் உடல் ‘போன்றது’ என்று அவர் சொல்லவில்லை, உடலே என்கிறார். ஆகவே மனித அனுபவத்திலிருந்து எடுத்து இறை உறவை விளக்கும் எல்லா மொழியையும் சேர்த்தே இந்த உரையில் உருவகம் என்று குறிக்கிறேன். அதன் மெய்ம்மை பற்றிய தீர்ப்பு அதில் அடங்கவில்லை.

இந்த மொழி பற்றுக்கு என்ன செய்கிறது? கை உடலோடு ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்ந்ததில்லை. உறவு முதலில் இருக்கிறது, அதை உணர்வது பின்னால் வருகிறது. பக்தி என்பது புதிதாக ஓர் உறவை உண்டாக்குவது அன்று, ஏற்கெனவே உள்ள உறவை அறிந்து அதன்படி வாழ்வது. வேதாந்த தேசிகர் ரகசியத்ரயசாரத்தின் தொடக்கத்தில் வேடர்களிடையே வளர்ந்த அரசகுமாரனை உவமையாகக் காட்டுவதும் இதற்காகவே. அவன் அரசனுக்கு மகனாக ஆக வேண்டியதில்லை. தான் யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தகுதியால் சம்பாதித்த உறவு தகுதி குறைந்தால் போய்விடும். இயல்பால் அமைந்த உறவுக்கு அந்த அச்சம் இல்லை. தோற்றுப்போனவனும் நம்பிக்கை இழக்காமல் இருக்க இந்த மொழி இடம் கொடுத்தது. ஆனால் இதன் குறையையும் சொல்ல வேண்டும். உடலுக்குத் தனிக் குரல் கிடையாது. உயிர் இயக்குகிறது, உடல் இயங்குகிறது. இந்த ஒரே மொழியில் நின்றிருந்தால் பக்தன் பேச்சற்றவனாகியிருப்பான்.

2. அடிமை: பற்று பக்கவாட்டில் திரும்புகிறது

அடுத்தது அடிமை. இந்தச் சொல் அன்றைய தமிழகத்தில் மென்மையான சமயச் சொல் மட்டும் அன்று. ஆட்கள் விற்கப்பட்டதையும் கோயிலுக்கு அடிமைகளாகத் தரப்பட்டதையும் சோழர் காலக் கல்வெட்டுகள் பதிவு செய்திருக்கின்றன. அத்தகைய சமூகத்தில் ஒருவர் தம்மை அடிமை என்று அழைத்துக்கொள்வதன் கனத்தை நாம் உணர வேண்டும். பஞ்சசம்ஸ்காரம் என்னும் தீட்சைச் சடங்கில் சங்கும் சக்கரமும் சூடேற்றித் தோள்களில் பொறிக்கப்படுகின்றன. அடியவர் ‘ராமாநுஜ தாசன்’ என்று பெயரும் பெறுகிறார். உடைமையை அடையாளமிடும் வழக்கம் இங்கே தீட்சையாகிறது.

இதற்கு எழக்கூடிய எதிர்ப்பை ராமாநுஜரே எதிர்கொண்டார். பிறருக்கு வசப்பட்டிருப்பது அனைத்தும் துன்பம் என்றும், சேவகம் நாய்ப் பிழைப்பு என்றும் மனு சொல்கிறதே என்ற தடையை வேதார்த்த சங்கிரகத்தின் இறுதிப் பகுதியில் அவர் எடுத்துக்கொள்கிறார். தகுதியற்றவர்க்குச் செய்யும் ஊழியமே நாய்ப் பிழைப்பு, எல்லா உயிர்க்கும் இயல்பாகவே உரியவனான ஒருவனுக்குச் செய்யும் ஊழியம் ஆனந்தம் என்பது அவர் விடை. இந்த விடையின் கூர்மையைக் கவனியுங்கள். இறைவனுக்கு மட்டுமே அடிமை என்று ஒப்பிய கணத்திலேயே வேறு எவருக்கும் நான் இயல்பாக அடிமை இல்லை என்பதும் பெறப்படுகிறது.

நம்மாழ்வார் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறார். அவருடைய திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில் ஒரு திருவாய்மொழி (பதிகம்) முழுதும் அடியார்க்கு அடிமை என்பதைப் பேசுகிறது. நால்வகைச் சாதிக்கும் கீழே வைக்கப்பட்டவராயினும் திருமாலுக்கு அடியாரென்றால் அவரே எம்மை ஆள்பவர் என்கிறார். அதோடு நில்லாமல், அடியார்க்கு அடியார், அவர்க்கும் அடியார் என்று படிப்படியாக இறங்கிப்போய்க் கடைசிப் படியில் தம்மை வைக்கிறார். மேலே ஒரே இடத்தை நோக்கிப் போக வேண்டிய பற்று பக்கத்தில் நிற்பவரை நோக்கித் திரும்புகிறது.

அன்றாட நடத்தையில் இதன் தடத்தைக் காணலாம். ஸ்ரீவைஷ்ணவர் இருவர் சந்தித்தால் ஒருவரையொருவர் சேவிக்கிறார்கள். தம் வீட்டைக் குடிசை என்றும் எதிரில் உள்ளவர் வீட்டைத் திருமாளிகை என்றும் சொல்கிறார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் அடிமை என்றால் அங்கே ஆண்டான் யார்? ஆண்டான் இருக்கை மனிதர்களிடையே காலியாகவே இருக்க வேண்டும் என்பதே இந்த மரியாதையின் உள்ளுறை. காவிரியில் நீராடப் போகும்போது அந்தணரான முதலியாண்டானின் கையைப் பற்றிச் சென்ற ராமாநுஜர், நீராடித் திரும்பும்போது தாழ்த்தப்பட்ட குலத்தவரெனக் கருதப்பட்ட பிள்ளை உறங்காவில்லிதாசரின் கையைப் பற்றி வந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. தூய்மையைப் பற்றி ஊர் வைத்திருந்த கணக்கை அந்தக் கை தலைகீழாக்கியது.

3. காதலி: முறையிடும் உரிமை

அடிமை பணியலாம், வேண்டலாம். ஆண்டானைக் கடிந்துகொள்ள அடிமைக்கு உரிமை இல்லை. அந்த உரிமை காதலிக்கு உண்டு.

திருவாய்மொழியில் உள்ள நூறு திருவாய்மொழிகளில் 27 பெண் குரலில் அமைந்தவை. மகள் பேச்சாக 17, தாய் பேச்சாக 7, தோழி பேச்சாக 3 என்று உரைமரபு கணக்கிடுகிறது. சங்க அகப்பாடலின் மாந்தர்கள் அப்படியே இங்கே குடியேறியிருக்கிறார்கள். அறிவு மேலோங்கும்போது ஆழ்வார் தாமாகவே பேசுகிறார், காதல் மேலோங்கும்போது பெண்ணாகப் பேசுகிறார் என்று அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் பகுத்துக் காட்டுகிறார்.

அவர் காட்டும் அடுத்த நுட்பம் இன்னும் அரியது. தோழி, தாய், மகள் மூவரும் ஒரே உள்ளத்தின் மூன்று நிலைகள் என்கிறார். இந்த உறவு உண்மை என்று உறுதி சொல்பவள் தோழி. அவன்தான் வழி, அவனே வரட்டும், பொறுத்திரு என்பவள் தாய். பொறுக்க முடியாமல் துடிப்பவள் மகள். மூவரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுகிறார்கள். மூவரில் எவரும் தவறில்லை. பக்தி என்பது ஒரே குரலில் சொல்லும் இசைவு என்ற எண்ணத்தை இந்த விளக்கம் கலைத்துவிடுகிறது. நம்பிக்கையும் பொறுமையும் பொறுமையின்மையும் ஒரே வீட்டில் வாதாடிக்கொண்டிருப்பதே பக்தி என்று அது கற்பிக்கிறது.

காதலியின் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலும் பெரிய திருமடலும் சான்று. பனைமடலால் செய்த குதிரையேறி ஊரறியத் தன் காதலை முறையிடுவது அகமரபில் ஆணுக்குரிய செயல். பெண் மடலேறுவதைத் தொல்காப்பியம் விலக்கியிருக்கிறது. பரகால நாயகியாக நின்ற திருமங்கையாழ்வார் அந்த விலக்கை மீறி மடலேறுவேன் என்கிறார். நம்மாழ்வாரும் ஐந்தாம் பத்தில் அதே மிரட்டலை விடுக்கிறார். பெருமானே, நீ வராவிட்டால் உன் பெயரைத் தெருவில் இழுப்பேன் என்பதுதான் அதன் கருத்து. தெய்வத்தை நோக்கி இப்படிப் பேசிய பாடல்களை இந்தச் சமூகம் மறைத்து வைக்கவில்லை. கோயிலில் ஓத வைத்தது, உரை எழுதிப் போற்றியது. முறையிடுவது பற்றின் குறைவு என்று அது கருதவில்லை. பற்று மிகுந்தவருக்கே முறையிடத் தோன்றும் என்று அது அறிந்திருந்தது.

4. தாய்: தலைகீழாகும் காவல்

காதலிக்கும் ஓர் எல்லை உண்டு. அவள் வேண்டுவது தனக்கு. தனக்கென்று எதுவும் வேண்டாத பற்றுக்கு வேறு உருவகம் தேவைப்பட்டது. அதைப் பெரியாழ்வார் தந்தார்.

பாண்டியன் அவையில் வென்று யானைமேல் வலம் வந்த பெரியாழ்வாருக்குப் பெருமான் கருடன்மேல் காட்சி தந்தார் என்பது மரபு. வரம் கேட்க வேண்டிய நேரம் அது. ஆழ்வாரோ, இந்த அழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமே என்று அஞ்சிப் பெருமானுக்குக் காப்புச் சொல்லிப் பல்லாண்டு பாடினார். பிறகு கண்ணனுக்குத் தாயாக நின்று தாலாட்டியும் நீராட்டியும் பாடினார். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் அந்தப் பல்லாண்டோடுதான் தொடங்குகிறது.

இறைவன் காப்பவன், உயிர் காக்கப்படுவது என்ற முறை அறிவின் நிலையில் சரி. காதல் முற்றினால் அந்த முறை தடம் மாறி, உயிர் இறைவனைக் காக்கத் துடிக்கும் என்று பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் விளக்குகிறார். எல்லாம் வல்லவனுக்கு ஆபத்து வருமா என்று தர்க்கம் கேட்கும். குழந்தை எவ்வளவு பலசாலியானாலும் தாயின் கை அதன் தலைக்கு மேலே குடையாக நிற்கத்தான் செய்யும்.

இந்த உருவகம் ஏட்டில் நிற்கவில்லை. 1323இல் தில்லிப் படை தெற்கே வந்தபோது திருவரங்கத்தில் கருவறை வாயில் சுவரெழுப்பி மறைக்கப்பட்டது. நம்பெருமாள் எனப்படும் உற்சவத் திருமேனியைச் சுமந்துகொண்டு ஒரு சிறு கூட்டம் தெற்கே புறப்பட்டது. அதை நடத்திச் சென்றவர் முதியவரான பிள்ளை லோகாசாரியர். மதுரைக்கருகே ஜோதிஷ்குடியில் அவர் உயிர் துறந்தார். காவலின் திசை மாறும் என்று எழுதிய கைகளே அதைச் செய்தும் காட்டின. அதே பேரழிவில் வேதாந்த தேசிகர் பிணங்களிடையே மறைந்து கிடந்து, ஸ்ரீபாஷ்யத்துக்குச் சுதர்சன சூரி எழுதிய சுருதப்பிரகாசிகை உரைச் சுவடிகளையும் அவருடைய இரு மைந்தர்களையும் காப்பாற்றினார் என்று மரபு சொல்கிறது. ஒருவர் திருமேனியைக் காத்தார், ஒருவர் நூலையும் பிள்ளைகளையும் காத்தார். பின்னாளில் தென்கலை, வடகலை என்று பிரிந்த இரண்டு கலைகளுக்கும் தலைமை ஆசாரியர்களாக இவர்களே நிறுத்தப்பட்டார்கள். நெருக்கடியில் இருவரும் செய்தது ஒரே தாயின் வேலை. நம்பெருமாள் 1371இல் விஜயநகரத் தளபதி கோபண்ணரின் முயற்சியால் திருவரங்கம் திரும்பினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு, தலைமுறை மாறியும், தெய்வத்தைப் பிள்ளையாகச் சுமந்தார்கள்.

மேல்கோட்டையிலும் இதே உருவகம் பேசுகிறது. அங்குள்ள உற்சவர் செல்வப்பிள்ளை. ராமாநுஜர் தம் செல்லப் பிள்ளையாக அழைத்து மடியில் ஏந்திய திருமேனி அது என்பது தலவரலாறு. அதைக் கொண்டுவர உதவிய தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்று அவர் பெயர் தந்தார் என்றும் அந்த வரலாறு சொல்கிறது. பிள்ளையைச் சுமந்தவர்கள் உறவினர் ஆனார்கள்.

5. திருவடி: ஆசாரியப் பற்றின் எல்லை

தெய்வத்திடம் வைத்த பற்று மனித ஆசிரியரிடம் வரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. எந்தச் சமயத்துக்கும் இது பொது. ஸ்ரீவைஷ்ணவம் இதை எப்படிக் கையாண்டது?

மதுரகவியாழ்வார் பாடிய பதினொரு பாசுரங்களும் நம்மாழ்வாரைப் பற்றியவை. திருமாலைவிடத் தம் ஆசாரியரே போதும் என்ற நிலை அவருடையது. இந்தப் பற்றுக்கு மரபு தந்த உருவகம் திருவடி. வைணவக் கோயிலில் தீர்த்தம் பெற்றதும் நம் தலையில் வைக்கப்படும், பெருமானின் திருவடி பொறித்த சடாரியின் பெயர் நம்மாழ்வாரைக் குறிப்பது. பெருமானின் பாதுகையாகவே அவர் கருதப்படுகிறார். நம்மாழ்வார் சந்நிதியில் வைக்கப்படும் சடாரிக்கு ராமாநுஜர் பெயர். ராமாநுஜர் சந்நிதிச் சடாரிக்கு முதலியாண்டான் பெயர். ஆசாரியரை அரியணையில் வைத்திருக்கலாம், கிரீடமாக்கியிருக்கலாம். இந்த மரபு அவரைக் காலில் அணியும் பாதுகையாக்கியது. மிக உயர்ந்த ஆசாரியருக்குக் கிடைத்த பெருமை, மற்றவர் தலையில் மிக எளிய ஊழியப் பொருளாக இறங்குவதுதான். தேசிகர் 1008 சுலோகங்களில் பாதுகா ஸஹஸ்ரம் பாடியதும் அந்தப் பாதுகையைத்தான்.

பற்றின் உறுதிக்குக் கூரத்தாழ்வான் சான்று. சோழ அரசனின் அவைக்கு ராமாநுஜருக்குப் பதிலாக அவருடைய காவி உடுத்துச் சென்று தம் கண்களை இழந்தவர் அவர். பின்னொரு நாள், ராமாநுஜரைச் சேர்ந்தவர்க்குத் திருவரங்கக் கோயிலுள் அனுமதியில்லை, ஆனால் நீர் நற்குணத்தவர், உள்ளே போகலாம் என்று காவலர் சொன்னபோது அவர் திரும்பிவிட்டார் என்கிறது குருபரம்பரை. ஆசாரிய உறவிலிருந்து பிரித்துத் தரும் நற்பெயர் அவருக்கு வேண்டாததாயிற்று. முதல் செய்தியில் சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். அவர் தம் தகுதியில் நிற்க மறுத்து உறவில் நின்றார்.

பற்றின் எல்லைக்கு ராமாநுஜரே சான்று. திருக்கோஷ்டியூர் நம்பி ரகசியமாகக் காக்கச் சொன்ன பொருளை அவர் பலரறியச் சொல்லிவிட்டார். ஆசாரியர் கட்டளையை மீறினால் நரகம் என்றார் நம்பி. இத்தனை பேர் உய்வார்களானால் நான் ஒருவன் நரகம் புகலாம் என்று ராமாநுஜர் விடை சொல்ல, நம்பி அவரைத் தழுவி ‘எம்பெருமானார்’ என்று அழைத்தார் என்பது மரபு. இந்தக் கதையை ஆசாரியரின் அடியார்களே தலைமுறை தலைமுறையாகப் போற்றிச் சொல்லி வந்தார்கள் என்பதை நாம் கருத வேண்டும். ஆசாரியருக்குக் கீழ்ப்படிவதற்கும் மேலான கடமை ஒன்று உண்டு, அது பிறர்பால் இரக்கம் என்று சொல்லும் கதையைத் தன் மையத்திலேயே வைத்துக்கொண்ட மரபு இது. இரக்கத்தால் மீறிய சீடனைத் தழுவிக்கொள்ளத் தெரிந்தவரே இங்கே ஆசாரியர்.

6. குரங்கும் பூனையும்: உருவகம் முத்திரையாகும்போது

இனி, சறுக்கலுக்கு வருகிறேன். வடகலை தென்கலை வேறுபாட்டைப் பற்றிக் கேட்டவர் எல்லோரும் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் பற்றிக் கேட்டிருப்பார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. உயிர் தன் பங்குக்கு ஏதேனும் செய்ய வேண்டுமா, இறைவனே எல்லாம் செய்வானா என்ற பெரிய கேள்விக்கு இவை இரண்டும் சுருக்கமான குறிகள்.

ஆனால் பிள்ளை லோகாசாரியரையும் வேதாந்த தேசிகரையும் நேரில் படிப்பவருக்கு இந்தச் சுருக்கம் போதாது என்பது விளங்கும். சரணாகதியே பயனைத் தருகிறது என்று தேசிகரும் சொல்லவில்லை. அவருக்கும் இறைவனே முதற்காரணம், சரணாகதி அவன் அருளுக்கு ஒரு வியாஜம் (சாக்கு) மட்டுமே. உயிர் வெறும் கல்லாகக் கிடக்க வேண்டும் என்று லோகாசாரியரும் சொல்லவில்லை. சரணடைந்ததையே தன் சாதனை என்று கருதும் செருக்கைத்தான் அவர் களைகிறார். ஒருவர் சோம்பலுக்கு அஞ்சினார், மற்றவர் அகந்தைக்கு அஞ்சினார். சமய வாழ்வில் இரண்டு அச்சங்களும் தேவை. இன்று பற்றிக்கொள்ள வலுவுள்ளவன் நாளை நோயில் கைகள் தளர்ந்து கிடக்கலாம். அப்போது அதே மனிதனுக்கு மற்ற உருவகம் வேண்டும்.

இரண்டும் ஒரே வாழ்வுக்குரிய இரு நிலைகளாக நிற்க வேண்டியவை. அவை இரண்டு குழுக்களின் முத்திரைகள் ஆயின. நெற்றியில் இடும் திருமண்ணின் வடிவம் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் குறியாயிற்று. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் பிரபந்தம் ஓதுவது, ஆசாரியர் துதியான தனியன்களில் எதைச் சொல்லித் தொடங்குவது என்பன போன்ற வழக்குகள் ஆங்கிலேயர் காலந்தொட்டு நீதிமன்றங்களில் நடந்து வந்திருக்கின்றன. பெருமான் சந்நிதியில் பெருமானிடம் வைக்க வேண்டிய பற்று, பெருமானைப் பற்றிய ஒரு விளக்கத்தின்மீது போய் அமர்ந்துவிட்டது. இதைக் கூறும்போது எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஓர் உருவகம் தன் உடன்பிறந்த உருவகத்தை இழந்தால், எதைக் காட்டப் பிறந்ததோ அதையே மறைக்கும்.

7. நிறைவேறாத சொல்

கடைசிச் செய்தி எல்லாவற்றிலும் கடினமானது. அடியார்க்கு அடிமை என்ற சொல் சமூக நடப்பில் எவ்வளவு நிறைவேறியது?

திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து திருவரங்கன் முன் கொண்டுசென்றார் என்று மரபு போற்றுகிறது. தாழ்ந்த குலத்தவரெனப்பட்ட மாறனேர் நம்பிக்கு அந்தணரான பெரிய நம்பி இறுதிக்கடன் செய்ததையும் போற்றுகிறது. அடியாரின் பிறப்பை ஆராய்வது பெரும் பாவம் என்று ஸ்ரீவசனபூஷணம் கடுமையாகச் சொல்கிறது. இவ்வளவு சொன்ன மரபு வாழ்ந்த ஊர்களில்தான் எத்தனையோ பேர் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். திருக்குலத்தாருக்கும் ஆண்டில் குறித்த சில நாள்களே கோயிலுள் உரிமை இருந்தது. சென்னை மாகாணத்தில் கோயில் வாயில்கள் அனைவருக்கும் சட்டப்படி திறக்க 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஆழ்வார் பாடியதைச் சட்டமன்றம் செய்ய வேண்டி வந்தது.

இதனால் உருவகம் பொய் என்று முடிவு கட்டுவோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. நிறைவேறாத சொல் கடனாக நிற்கிறது. வாயில் காத்தவர்களைக் கண்டிக்க வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவர வேண்டியதில்லை. அவர்கள் நாள்தோறும் ஓதிய பாசுரமே அவர்களைக் கண்டிக்கப் போதுமானது. தன் உருவகத்தைப் பாதுகாத்த சமூகம் தன்னைத் திருத்தும் கருவியையும் சேர்த்தே பாதுகாத்திருக்கிறது. அந்தக் கருவியை எடுத்துப் பயன்படுத்துவது பின்வருவோர் கடமை.

நிறைவுரை

அவையோரே, இந்த ஏழு செய்திகளிலிருந்து எந்தச் சமயச் சமூகத்தின் உறவுமொழிக்கும் வைக்கக்கூடிய மூன்று கேள்விகளைத் திரட்டித் தருகிறேன்.

முதலாவது, உங்கள் உருவகம் கீழே இருப்பவருக்கு முறையிடும் உரிமை தருகிறதா? மடலேறுவேன் என்ற காதலியைப் போல் பேச அங்கே இடமிருக்கிறதா?

இரண்டாவது, அது தலைகீழாகக் கூடுமா? காக்கப்படுபவர் காப்பவராகவும், உயர்ந்தவர் பாதுகையாகவும் மாறும் தருணம் அதில் உண்டா?

மூன்றாவது, பற்று மேலே போய் ஓரிடத்தில் தேங்கிவிடாமல் பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி வருகிறதா?

மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அந்தச் சமூகத்தில் பற்று உயிரோடு இருக்கிறது. ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் அங்கே பற்றின் பெயரால் அதிகாரம் வளர்கிறது என்று அஞ்சலாம். ஸ்ரீவைஷ்ணவ நூல்கள் மூன்றுக்கும் ஆம் என்கின்றன. அதன் வரலாறு சில இடங்களில் ஆம் என்றும் சில இடங்களில் இல்லை என்றும் சொல்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவாய்மொழி உரையான ஈடும் ஆசார்ய ஹ்ருதயமும் ஸ்ரீவசனபூஷணமும் ரகசியத்ரயசாரமும் பக்தர்களின் அலமாரியில் மட்டும் இருக்க வேண்டிய நூல்கள் அல்ல. மனிதர் ஏன் ஒன்றின்மீது பற்று வைக்கிறார்கள், அந்தப் பற்று எப்போது அவர்களை உயர்த்துகிறது, எப்போது ஒடுக்குகிறது என்று தமிழிலும் மணிப்பிரவாளத்திலும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்த ஆழ்ந்த விவாதம் அவற்றில் இருக்கிறது. இரண்டு கலைகளின் நூல்களையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். பிரித்துப் படித்தால் கட்சிதான் மிஞ்சும். சேர்த்துப் படித்தால், பற்று வைப்பதற்கும் தன்னை இழந்துவிடாமல் இருப்பதற்கும் இடையே உள்ள வழியைத் தேடியவர்களின் முழு உரையாடல் உங்களுக்குக் கிடைக்கும். அந்த உரையாடலில் நீங்களும் கலந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.